ரிஜிஸ்டர்ல இல்லாத குழந்தைங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்காவுல முதன்முதலா குடியேறின பாப்டிஸ்ட் குடும்பங்களைப் பத்தி போற போக்குல ஒரே ஒரு வரிதான் எழுதினேன், அதுக்கு இத்தனை லெட்டர் வரும்னு நினைக்கவே இல்ல. அதனால இந்த மாசம் ரேஷன் கார்டு, பட்டா விவகாரமெல்லாம் ஓரமா இருக்கட்டும், முழுக்க இந்தக் குடும்பங்களோட வம்சாவளியைத் தேடறது எப்படிங்கறதுதான்.

கேள்வி: அக்கா, நான் மதுரைக்காரி, கல்யாணம் ஆகி நியூஜெர்சி வந்து பதினாலு வருஷம் ஆச்சு. வீட்டுக்காரர் அமெரிக்கர். மாமியார் போன வருஷம் தவறிட்டாங்க, அவங்க பீரோவுல ஒரு ஃபைல் கிடைச்சது. முதல் பக்கத்துல "ஒபதியா ஹோம்ஸ், பாப்டிஸ்ட், ரோட் ஐலண்ட், 1651ல பாஸ்டன்ல கசையடி"ன்னு எழுதியிருக்கு. கடைசிப் பக்கத்துல மாமியாரோட பாட்டி பேர். நடுவுல ஒன்னுமே இல்ல. பழைய பாப்டிஸ்ட் சபை ஒன்னுல கேட்டா எங்க கிட்ட பிறந்த ரெக்கார்டே கிடையாதுன்னுட்டாங்க. எங்கேருந்து ஆரம்பிக்கறது?

பதில்: முதல்ல உங்க மாமியாருக்கு ஒரு கும்பிடு, ஃபைல் போட்டு வச்சாங்களே, அதுவே பெரிசு. சபையில சொன்னதும் பொய் இல்லம்மா. பாப்டிஸ்ட்டுங்க சண்டை போட்டதே அதுக்குத்தானே, குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, வளர்ந்து, தானா விசுவாசிச்சு, தன் வாயால அறிக்கை பண்ணினப்புறம்தான் முழுக்கு. அப்போ மத்த சபை புக்குல நம்மள மாதிரி தேடறவங்களுக்கு லட்டு மாதிரி கிடைக்குமே, "இன்ன தேதி, இன்னாரோட குழந்தை"ன்னு ஒரு வரி, அது இவங்க புக்குல இருக்காது. ஒருத்தர் இருபது வயசுல முழுக்கு எடுத்திருப்பார், இன்னொருத்தர் அம்பதுல எடுத்திருப்பார், அப்பா பேரை யாரும் எழுதி வைக்க மாட்டாங்க. 1680ல முழுக்குன்னு பார்த்துட்டு 1680ல பிறந்தவர்னு போட்டு வச்சிருக்கற கொடிவழிங்க எத்தனையோ பார்த்துட்டேன், அம்மாவை விட மகன் மூத்தவனா இருப்பான், யாரும் கண்டுக்க மாட்டாங்க.

ஆனா வேடிக்கை என்னன்னா, ஒபதியா ஹோம்ஸுக்கே குழந்தை ஞானஸ்நான ரெக்கார்டு இருக்கு! அவர் பிறந்தப்போ அவங்க வீட்ல யாரும் பாப்டிஸ்ட் இல்லையே. இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கத்துல டிட்ஸ்பரி சர்ச்சுல, அப்பா ராபர்ட், குடும்பப் பேர் ஹல்ம்னு. ஹல்ம்தான் பின்னாடி ஹோம்ஸ் ஆச்சு, ஸ்பெல்லிங்கை அந்தக் காலத்துல யாரும் மதிக்கல. இங்கிலாந்துல 1538லயே ஒவ்வொரு பங்குலயும் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதி) ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணையும் எழுதி வைக்கணும்னு ஆர்டர் போட்டாச்சு. அதனால கப்பல் ஏறி வந்த ஆளுக்கு அந்தப் பக்கம் பேப்பர் இருக்க சான்ஸ் உண்டு. ஓட்டை விழறது இங்க பிறந்த ரெண்டாவது, மூணாவது தலைமுறையிலதான்.

அந்த ஓட்டையை எதை வச்சு அடைக்கறது? நான் எப்பவும் சொல்றது ஒன்னுதான், இவங்களைப் பிடிக்காதவங்க எழுதின புக்கைப் பாருங்க. மாசசூசெட்ஸ்ல 1644லயே சட்டம் போட்டுட்டாங்க, குழந்தை ஞானஸ்நானத்தை எதிர்த்துப் பேசினா ஊரை விட்டு வெளியேத்துவோம்னு. சட்டம் வந்தா கேஸ் வரும், கேஸ் வந்தா பேர், ஊர், கூட நின்னவன், ஃபைன் எவ்ளோ, ஃபைன் கட்டினவன் யாரு, எல்லாம் கிளர்க் உக்காந்து எழுதியாகணும். சொந்த சபை எழுதாததை கோர்ட்டு எழுதி வச்சிருக்கு.

உங்க ஒபதியா கதையையே எடுத்துக்கோங்க. 1651 ஜூலை. மாசசூசெட்ஸ்ல லின்ங்கற ஊர்ல வில்லியம் விட்டர்னு ஒரு பெரியவர், கண்ணு தெரியாது, ரோட் ஐலண்ட் நியூபோர்ட் பாப்டிஸ்ட் சபைக்காரர், அவரை பார்க்க நியூபோர்ட்ல இருந்து மூணு பேர் வராங்க: ஜான் கிளார்க், ஜான் கிராண்டல், ஒபதியா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்குள்ள பிரசங்கம் நடந்துட்டு இருக்கும்போதே கான்ஸ்டபிள் ரெண்டு பேர் வாரண்டோட உள்ள வந்துட்டாங்க. கிளார்க்குக்கு 20 பவுண்ட், கிராண்டலுக்கு 5, ஒபதியாவுக்கு 30 பவுண்ட் ஃபைன், இல்லன்னா கசையடி. கிளார்க்கோட ஃபைனை வேண்டப்பட்டவங்க கட்டிட்டாங்க. ஒபதியா மட்டும் யாரும் எனக்காக கட்டக்கூடாது, கட்டினா தப்பு பண்ணினேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு பிடிவாதமா உள்ளயே இருந்துட்டார். செப்டம்பர் 5ஆம் தேதி பாஸ்டன்ல, மூணு புரி சாட்டையால 30 அடி. அடி முடிஞ்சதும் நீதிபதிங்களைப் பார்த்து, ரோஜாப்பூவால அடிச்ச மாதிரி அடிச்சீங்கன்னார். (பல நாள் முட்டியும் முழங்கையும் ஊனித்தான் தூங்கினாராம், அது வேற விஷயம்.)

இப்போ நமக்கு வேண்டிய விஷயம் வருது. அடி வாங்கிட்டு வந்தவர் கையைப் பிடிச்சு குலுக்கினாங்கன்னு ரெண்டு பேரை, ஜான் ஸ்பர், ஜான் ஹேசல்னு, அவங்களையும் அரெஸ்ட் பண்ணினாங்க. கை குலுக்கினதுக்கு! ஆனா அந்த ஒரு கை குலுக்கல் இல்லன்னா அந்த ரெண்டு பேரும் அன்னிக்கு பாஸ்டன்ல இருந்தாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும் சொல்லுங்க. கோர்ட் புக்குல உங்க ஆளை மட்டும் தேடாதீங்க, பக்கத்துல நிக்கறவன் யாருன்னும் பாருங்க, மச்சானோ சம்பந்தியோ பக்கத்து நிலத்துக்காரனோ, யாராவது ஒருத்தனா இருப்பான்.

அடுத்தது சொத்து. ஒபதியா 1682ல தவறினார். உயில்ல பொண்ணுங்க பேரெல்லாம் புருஷன் வீட்டுப் பேரோட இருக்கு, மேரி பிரவுன், லிடியா பௌன், ஹோப்ஸ்டில் டெய்லர்னு. அந்த ஒரு பேப்பர்ல மூணு மாப்பிள்ளை வீடு கிடைச்சுடுச்சு! ரோட் ஐலண்ட்ல உயிலும் பத்திரமும் கவுண்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஆபீஸ்ல இருக்காது, ஒவ்வொரு ஊர் டவுன் கிளர்க் கிட்டத்தான், இது தெரியாம கவுண்ட்டி கவுண்ட்டியா சுத்தறவங்க நிறைய பேர். நம்ம ஊர்ல தாய்ப்பத்திரத்துல இருந்து வரிசையா பார்க்கற மாதிரி நிலத்தை பின்தொடர்ந்து போங்க, "என் அப்பா எனக்குக் கொடுத்த, கிழக்கே இன்னார் நிலம்"னு வரும் பாருங்க, ஞானஸ்நான ரிஜிஸ்டர் செய்யாத வேலையை அந்த ஒரு வரி செஞ்சுடும். மாட்டுக்குக் காதுல வெட்டற அடையாளத்தைக் கூட டவுன் புக்குல பதிவு பண்ணினாங்க, இன்னாரோட மாட்டுக்கு இடது காதுல இப்படி ஒரு வெட்டுன்னு. அப்பாவோட வெட்டு அடையாளம் பின்னாடி மகன் பேருக்கு மாறும். மாட்டுக் காதுல வாரிசு சர்டிபிகேட்!

நியூபோர்ட்ல மட்டும் ஒரு சோகம் இருக்கு. 1779 அக்டோபர்ல பிரிட்டிஷ் படை ஊரைக் காலி பண்ணிட்டுப் போனப்போ டவுன் ரெக்கார்டு எல்லாத்தையும் கப்பல்ல ஏத்திட்டாங்க, அது நியூயார்க் கிட்ட ஹெல் கேட்ங்கற சுழல்ல மூழ்கிப் போச்சு. வெளிய எடுத்தாங்கதான், ஆனா அதுக்குள்ள உப்புத்தண்ணியில ஊறி நஞ்சு போச்சு. மிச்சம் இருக்கறது நியூபோர்ட் வரலாற்றுக் கழகத்துல இருக்கு, பக்கத்துல பாதி காணும்.

இனிமே நீங்க செய்ய வேண்டியது. ஒபதியாவை மூடி வச்சுடுங்க. ஆமா, மூடி வச்சுடுங்க! மாமியாரோட பாட்டியில இருந்து ஒவ்வொரு படியா மேல ஏறுங்க, மேலேருந்து கீழ இறங்கினா நமக்குப் பிடிச்ச பேர் எது வந்தாலும் அதைப் பிடிச்சு தொங்கிடுவோம். 1850 சென்சஸ்லதான் வீட்ல இருக்கற எல்லாரோட பேரும் முதல்ல வருது, அதுக்கு முன்னாடி குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான், மத்தவங்க வெறும் எண்ணிக்கை. யாரு யாருக்கு என்ன உறவுன்னு எழுதினது 1880லதான். நியூஜெர்சியில 1790ல இருந்து 1820 வரைக்கும் சென்சஸ் கிட்டத்தட்ட முழுக்கவே தொலைஞ்சு போச்சு, அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிட்டு நிப்பாங்க, அந்த இடத்தைத் தாண்ட வரிப் பட்டியல் இருக்கு, 1773ல இருந்து 1822 வரைக்கும், ட்ரெண்டன்ல ஸ்டேட் ஆர்க்கைவ்ஸ்ல. காலனி கால உயிலும் அங்கதான். ஃபேமிலிசர்ச் சைட்டுல பழைய ரெக்கார்டைப் படம் எடுத்து வச்ச ஃபிலிம் நிறைய காசில்லாம பார்க்கலாம், தேடற பெட்டியில பேர் போட்டு வரலைன்னா இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க, இண்டெக்ஸ் பண்ணாத பக்கங்க ஏராளம், ஒவ்வொண்ணா தள்ளிப் பார்க்கணும், கண்ணு வலிக்கும்.

உங்க கேஸ்ல நியூஜெர்சின்னதும் எனக்கு கொஞ்சம் நம்பிக்கை வருது. 1665ல மன்மத் பேட்டண்ட்னு பன்னெண்டு பேருக்கு நிலம் கொடுத்தாங்க, அதுல ஒபதியாவும் ஒருத்தர். அவர் அங்க போய் தங்கல, ஆனா பிள்ளைங்க சில பேர் போனாங்க, லிடியா பௌன் போனது அங்கதான். மன்மத் கவுண்ட்டியில ஹோம்டெல்னு ஊர் இருக்கே, ஐடிக்காரங்க நிறைய பேருக்குத் தெரியும், அந்தப் பேரே இந்த ஹோம்ஸ் குடும்பத்தால வந்ததுதான். அதுக்காக நியூஜெர்சி ஹோம்ஸ் எல்லாம் ஒபதியா வம்சம்னு எடுத்துக்காதீங்க.

இன்னொன்னு, மிடில்டவுன். ரோட் ஐலண்ட்ல ஒன்னு, நியூஜெர்சியில ஒன்னு, கனெக்டிகட்ல ஒன்னு. நான் ஆரம்பத்துல ஒருத்தருக்காக தேடறப்போ மூணு நாள் லீவு போட்டு, பஸ் பிடிச்சு, கனெக்டிகட் மிடில்டவுன்ல போய் உக்காந்து ஃபிலிம் சுத்தினேன், வேண்டிய ஆள் இருந்தது நியூஜெர்சி மிடில்டவுன்ல. ரோட் ஐலண்ட் மிடில்டவுன் 1743லதான் நியூபோர்ட்ல இருந்து பிரிஞ்சது, அதுக்கு முன்னாடி உள்ளது எல்லாம் நியூபோர்ட் புக்குலதான்.

கேள்வி: மேடம், ஒபதியா ஹோம்ஸ் ஞானஸ்நானம் 1609/10 மார்ச்னு ஒரு இடத்துல பார்த்தேன். இது என்ன, ரெண்டு வருஷம் போட்டிருக்கு? தெரியலைன்னு அர்த்தமா?

பதில்: தெரியாம போடல தம்பி, ரொம்பத் தெரிஞ்சுதான் போட்டிருக்காங்க. இங்கிலாந்துலயும் அவங்க காலனிகள்லயும் அப்போ புது வருஷம் மார்ச் 25லதான் பிறக்கும். அதனால ஜனவரி 1ல இருந்து மார்ச் 24 வரைக்கும் அவங்க கணக்குல பழைய வருஷம், நம்ம கணக்குல புது வருஷம், குழப்பம் வேண்டாம்னு ரெண்டையும் சேர்த்து எழுதறது. 1752லதான் மாத்தினாங்க, அந்த வருஷம் செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14, நடுவுல 11 நாள் காத்தோட போச்சு. "முதல் மாசம்"னு எழுதியிருந்தா மார்ச்சுன்னு எடுத்துக்கோங்க, ஜனவரி இல்ல. இதைத் தெரியாம ஒருத்தர் எனக்கு எழுதியிருந்தார், கல்யாணமாகி ஒன்பது மாசத்துக்கு முன்னாடியே குழந்தை பிறந்திருக்கு, மானமே போச்சுன்னு. ஒரு மானமும் போகல, காலண்டர்தான் மாறியிருக்கு.

கேள்வி: உயில்ல "கசின்"னு ஒருத்தருக்கு நிலம் எழுதி வச்சிருக்கார் எங்க முன்னோர். அப்போ சித்தப்பா பெரியப்பா பிள்ளைன்னு எடுத்துக்கலாமா?

பதில்: எடுத்துக்காதீங்க. 17ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ்ல கசின்னா அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளையாவும் இருக்கலாம், தூரத்து சொந்தமாவும் இருக்கலாம். "மதர் இன் லா"ன்னு எழுதியிருந்தா மாமியாராவும் இருக்கும், அப்பாவோட ரெண்டாந்தாரம், அதாவது சித்தியாவும் இருக்கும். "சன் இன் லா"ன்னா மாப்பிள்ளைன்னு நினைச்சு அவனுக்கு ஒரு பொண்ணைக் கட்டி வச்சுடாதீங்க, மனைவியோட முதல் புருஷன் பிள்ளையா இருக்கலாம். பிரதர்னா கேக்கவே வேண்டாம், சபையில எல்லாரும் பிரதர்தான், இன்னிக்கும் நம்ம சர்ச்சுல அப்படித்தானே.

இதைவிட ஆபத்து சீனியர், ஜூனியர். இப்போ அப்பா மகனுக்குப் போடறோம். அப்போ ஒரே ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா வயசுல மூத்தவன் சீனியர், இளையவன் ஜூனியர், அவ்ளோதான், சித்தப்பனா இருக்கலாம், சம்பந்தமே இல்லாதவனா இருக்கலாம். பெரியவர் செத்ததும் ஜூனியர் சீனியர் ஆயிடுவார், அடுத்த பத்திரத்துல ஒரு புது ஜூனியர் முளைப்பார். பேரை நம்பாம கையெழுத்தையும் நிலத்தையும் மனைவி பேரையும் வச்சுத்தான் பிரிக்கணும். மனைவி பேர் ஏன்னா, நிலம் விக்கறப்போ மனைவியும் தன் பங்கு உரிமையை விட்டுக் கொடுத்து கையெழுத்தோ கைநாட்டோ வைக்கறது உண்டு, எத்தனையோ பொம்பளைங்க பேர் நமக்குக் கிடைக்கறதே அந்த ஒரு கைநாட்டுலதான்.

கேள்வி: எங்க ஆள் 1638ல வந்தார்னு சொல்றாங்க, ஆனா எந்தக் கப்பல் லிஸ்ட்லயும் இல்லை. பொய்யா?

பதில்: கப்பல் லிஸ்ட் மிச்சம் இருந்தாத்தானே அதுல இருக்கறதுக்கு! அந்தக் காலத்து பயணிகள் பட்டியல்ல பெரும்பகுதி இன்னிக்கு இல்ல. சாட் பிரவுன்னு ஒருத்தர், ரோட் ஐலண்ட் பிராவிடென்ஸ் பாப்டிஸ்ட் சபையில, அந்தக் காலனியை ஆரம்பிச்ச ரோஜர் வில்லியம்ஸுக்கு அப்புறம் பொறுப்பு எடுத்தவர், அவர் 1638ல மார்ட்டின்ங்கற கப்பல்ல வந்தார்னு எப்படித் தெரியுது தெரியுமா? நடுக்கடல்ல கூட வந்த ஒருத்தர் செத்துப் போறார், சாகறப்போ வாயாலயே உயில் சொல்றார், அதைக் கேட்ட சாட்சிங்கள்ல சாட் பிரவுனும் ஒருத்தர், பாஸ்டன்ல இறங்கினதும் அந்த உயிலைப் பதிவு பண்ணினாங்க. யாரோ ஒருத்தரோட சாவுப் பேப்பர்ல நம்ம ஆளோட வருகைத் தேதி. (முதல் கேள்வி கேட்ட மதுரைக்காரம்மா கவனிக்க: மேலே உயில்ல வந்த மேரி பிரவுன், இந்த சாட் பிரவுனோட மருமகள்தான்.)

கேள்வி: ரோட் ஐலண்ட்ல 1660க்கு முன்னாடியே இருந்தவர்னா பாப்டிஸ்ட்தானே? ரோஜர் வில்லியம்ஸ் ஊர்தானே அது?

பதில்: இல்லீங்க. ரோஜர் வில்லியம்ஸே பாப்டிஸ்ட்டா இருந்தது சில மாசம்தான்! 1638 வாக்குல பிராவிடென்ஸ்ல முழுக்கு எடுத்து சபை ஆரம்பிச்சார், அப்புறம் இந்த முழுக்கும் சரியானதுதானான்னு சந்தேகம் வந்து விலகிட்டார், சாகற வரைக்கும் எந்த சபையிலயும் சேரல. அங்க குவேக்கர்னு வேற ஒரு கிறிஸ்தவப் பிரிவுக்காரங்க இருந்தாங்க, எதுவுமே வேண்டாம்னு இருந்தவங்களும் இருந்தாங்க, பாப்டிஸ்ட்டுக்குள்ளயே கட்சி கட்சியா பிரிஞ்சாங்க, 1671ல நியூபோர்ட்ல சனிக்கிழமைதான் ஓய்வுநாள்னு ஒரு கூட்டம் தனியா போய் ஏழாம் நாள் பாப்டிஸ்ட் சபை வச்சாங்க, அவங்களுக்குத் தனி புக்கு. சபை புக்குல பேர் பார்த்தப்புறம் பாப்டிஸ்ட்னு எழுதுங்க, அதுவரைக்கும் பென்சில்ல ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்க.

கேள்வி: ஆப்ரகாம் லிங்கன் ஒபதியா ஹோம்ஸ் வம்சம்னு படிச்சேன். நிஜமா, வாட்ஸ்அப் கதையா?

பதில்: நிஜம். ஒபதியா மகள் லிடியா, ஜான் பௌனைக் கட்டினாங்க. அவங்க மகள் சாரா, ரிச்சர்ட் சால்ட்டரைக் கட்டினாங்க. அவங்க மகள் ஹன்னா, மோர்டெகாய் லிங்கனைக் கட்டினாங்க. அவங்க மகன் ஜான், ஜான் மகன் கேப்டன் ஆப்ரகாம், அவர் மகன் தாமஸ், தாமஸ் மகன்தான் பிரசிடெண்ட். பாருங்க, மூணு தலைமுறை பொண்ணுங்க வழியாவே இறங்குது, குடும்பப் பேர் மூணு தடவை மாறுது, குடும்பப் பேரை மட்டும் வச்சு தேடினவன் லிடியா வாசல்லயே நின்னிருப்பான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற. லிங்கனுக்கே இது தெரியாது. 1859ல தன்னைப் பத்தி சுருக்கமா எழுதிக் கொடுத்தப்போ, தாத்தா வர்ஜீனியாவுல இருந்து வந்தார், அதுக்கு முன்னாடி பென்சில்வேனியா, நியூ இங்கிலாந்துல அதே பேர்ல இருக்கற லிங்கன் குடும்பத்தோட எங்களை இணைச்சுப் பார்க்க முயற்சி பண்ணினதுல ஈனாக், லேவி, மோர்டெகாய், சாலமன், ஆப்ரகாம்னு பேர் ஒத்துப் போறதைத் தவிர வேற ஒன்னும் கிடைக்கலன்னு எழுதினார். அந்தப் பேர் ஒத்துப் போனதுதான் சரியான துப்பு! 1637ல வந்து மாசசூசெட்ஸ் ஹிங்கம்ல குடியேறின சாமுவேல் லிங்கனோட வம்சம்தான் அவங்கன்னு பின்னாடி பேப்பரோட நிரூபிச்சாங்க. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கற பழக்கம் நமக்குப் புதுசா என்ன, துப்பா வச்சுக்கோங்க, ஆதாரமா வச்சுக்காதீங்க.

கேள்வி: மிடில்டவுன்ல பெனலோபி ஸ்டௌட்னு ஒரு பாட்டி, கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்கி, கோடாலி வெட்டு வாங்கி, பூர்வகுடிங்க காப்பாத்தி, 110 வயசு வாழ்ந்து 502 வாரிசைப் பார்த்துட்டு செத்தாங்களாமே, நான் அவங்க வம்சம்னு பெருமையா சொல்லிட்டு இருக்கேன்.

பதில்: சொல்லுங்க, யாரு வேண்டாம்னா. ரிச்சர்ட் ஸ்டௌட் இருந்தார், மன்மத் நிலம் வாங்கின பன்னெண்டு பேர்ல ஒருத்தர், மிடில்டவுன் பாப்டிஸ்ட் சபைக்கும் ஆரம்பத்துல இருந்தே வேண்டப்பட்ட குடும்பம், மனைவி பேர் பெனலோபி, எல்லாம் சரி. ஆனா அந்த உடைஞ்ச கப்பல் கதை அச்சுல வந்தது 1765ல, நூறு வருஷத்துக்கு மேல வாய் வழியா வந்து. 110, 502 எல்லாம் அதுக்கும் பின்னாடி சேர்ந்தது. எனக்கு அதைவிடப் பிடிச்சது லாங் ஐலண்ட் கிரேவ்செண்ட் ஊர்க் கோர்ட்டு புக்கு, 1648ல, ஒருத்தியோட மாட்டுல இன்னொருத்தி பால் கறந்துட்டான்னு வம்பு, யார் சொன்னான்னு விசாரிச்சுக்கிட்டே போனா "பெனலோபி பிரின்ஸ் சொன்னா"ன்னு வந்து நிக்குது. இது கல்யாணத்துக்கு முந்தின அதே பெனலோபிதான்னு பல பேர் நினைக்கறாங்க. குழாயடி வம்புதான், ஆனா அன்னிக்கே எழுதினது பாருங்க, நான் அதைத்தான் முதல்ல நம்புவேன்.

கேள்வி: டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சிடாதா? எதுக்கு இந்த உயிலும் மாட்டுக் காதும்?

பதில்: முடியாது. 1610ல பிறந்தவர் இன்னிக்கு இருக்கறவருக்கு பதினோரு, பன்னெண்டு தலைமுறை மேல. பன்னெண்டாவது படியில உங்களுக்கு 4096 முன்னோர் இடம் இருக்கு, அதுல ஒருத்தர் ஒபதியா. அவர்கிட்ட இருந்து ஒரு துளி டிஎன்ஏ கூட வராம போயிருக்கறதுக்குத்தான் சான்ஸ் அதிகம், வராததால வம்சம் இல்லைன்னும் ஆகாது. அப்பா மகன்னு நேரா இறங்கற ஒய் டெஸ்ட் உதவும், ஆனா வழி பூரா ஆம்பளையா இருக்கணும், நடுவுல ஒரு லிடியா வந்தா போச்சு. இன்னொன்னு, இந்தக் குடும்பங்க சின்ன ஊர்ல, சபைக்குள்ளயே பொண்ணு கொடுத்து பொண்ணு எடுத்தவங்க, ரெண்டு பேருக்கு மேட்ச் வந்தா அது எந்த வழியா வந்ததுன்னு டெஸ்ட் சொல்லாது, நாலு வழி இருக்கும்.

கேள்வி: ஆன்லைன் ஃபேமிலி ட்ரீல எங்க முன்னோர் நியூபோர்ட் ஜான் கிளார்க், ரோட் ஐலண்டுக்கு 1663ல இங்கிலாந்து ராஜா கிட்ட சாசனம் வாங்கிக் கொடுத்தவர்னு போட்டிருக்கு, 40 பேர் அதையே காபி பண்ணியிருக்காங்க. நம்பலாம்ல?

பதில்: 40 பேர் காபி பண்ணினா 40 ஆதாரம் ஆகாது, ஒரு தப்பு 40 தடவை. ஜான் கிளார்க்குக்கு இருந்தது ஒரே பொண்ணு, சின்ன வயசுலயே போயிடுச்சு, நேரடி வாரிசே கிடையாது, அதனாலதான் 1676ல அவர் தவறினப்போ ஏழைங்களுக்கும் பிள்ளைங்க படிப்புக்கும்னு சொத்துல டிரஸ்ட் எழுதி வச்சார். ஆனா அவர் தம்பி ஜோசஃப் மாதிரி கூடப் பிறந்தவங்களுக்கு வம்சம் உண்டு, நீங்க அந்த வழியா இருக்கலாம், அதைத் தேடுங்க. காசு வாங்கிட்டு வம்சாவளி தயாரிச்சுக் கொடுத்தவங்களும் உண்டு, குஸ்டாவ் ஆன்ஜூன்னு ஒருத்தர், 1942ல செத்தார், பணக்கார குடும்பங்களுக்கு இல்லாத உயில், இல்லாத ரிஜிஸ்டர் எல்லாம் சேர்த்து அழகா புக்கு போட்டுக் கொடுப்பார், அந்த புக்குங்க இன்னும் லைப்ரரியில இருக்கு, ஆன்லைன் ட்ரீங்களுக்குள்ளயும் பூந்துடுச்சு. ராஜா பரம்பரை வரைக்கும் தடங்கலே இல்லாம போற ட்ரீயைப் பார்த்தா எனக்கு முதல்ல அவர் ஞாபகம்தான் வரும்.

கேள்வி: (மதுரைக்காரம்மாவே ரெண்டாவது லெட்டர்) அக்கா, ஃபைல்ல இருக்கற பழைய பேப்பரெல்லாம் ஒடியற மாதிரி இருக்கு, லேமினேட் பண்ணி பத்திரமா வைக்கவா?

பதில்: ஐயோ வேண்டாம்! லேமினேஷனை திரும்பப் பிரிக்க முடியாது, சூடும் பசையும் பேப்பரை உள்ளுக்குள்ளயே தின்னுடும். செலோடேப்பும் ஒட்டாதீங்க. ஆசிட் இல்லாத கவர் கிடைக்கும், ஒவ்வொரு பேப்பரா அதுல போட்டு படுக்க வச்சு, மேல ஈரமில்லாத அலமாரியில வையுங்க, பேஸ்மென்ட் கூடாது. வைக்கறதுக்கு முன்னாடி முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் ஃபோட்டோ எடுங்க, பின்பக்கத்துல பென்சில்ல மாமியார் ஏதாவது கிறுக்கி இருப்பாங்க, "மேரி அத்தை சொன்னது"ன்னு ஏதாவது. அந்தக் கிறுக்கலை எனக்கும் அனுப்புங்க, பார்க்கறேன்.